நிலாவுக்கு ஒரு பட்டியல்

பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் எங்கள் ஃபேக்டரி கேண்டீன் சுவரில் நிலாவைக் காட்டுகிறார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சாம்பார்க் கறைகளும் நிலாவின் பள்ளங்களாகிவிட்டன. அங்கே மாட்டிக்கொண்டால் எந்தப் பொருள் முதலில் வேண்டும் என்று நாங்கள் எழுதித் தர வேண்டுமாம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களுக்கு இது ஒன்றுதான் குறைச்சல். பெயிண்ட் ஷாப் சுடலைமுத்து நீலம் படிந்த விரல்களால் தாளை நீட்டுகிறார். பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு குடித்துச் சிரிக்கிறார். "தண்ணி ஃபர்ஸ்ட்டா? ஆக்ஸிஜன் இல்லாம எப்படி உயிரோட இருப்பீங்க?" சுடலைமுத்து சிரிக்கவில்லை. "பெயிண்ட் ஷாப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னு மூணு மாசமாச்சு சார். காத்து இல்லாம இருக்கப் பழகியாச்சு. தண்ணி இல்லாமத்தான் இன்னும் பழகல." எங்கள் மேனேஜர் சுவரிலிருக்கும் நிலாவை, அது மட்டுமே தன் பொறுப்பு என்பதுபோல, உற்றுப் பார்க்கிறார்.