எந்த அறையிலிருந்து

கையெழுத்துப் போட்டுவிட்டாரே, என்ன மனிதர் இவர்.

மேசைமேல் தாள் இருந்தது. என் கணவரின் பெயருக்கு மேலே மை இன்னும் காயவில்லை. அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத் தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ் விழும் சத்தம் கேட்டது.

"லேசர் எந்த ரூம்லேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. அவ்வளவுதாம்மா. ரெண்டு பேரும் இதையே சொன்னா யார்மேலயும் கை வைக்க முடியாது."

எதிரெதிர் அறைகள் எங்களுடையவை. என் அறையில் ஒளியால் பிடித்து நிறுத்திய ஓர் அணு, அவர் அறையில் ஓர் அணு. இரண்டும் விடும் ஒளித்துகள்கள் கண்ணாடி இழை வழியாக நடு அறைக்கு வந்து கலக்கும். எது எந்த அணுவிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாதபோதுதான் அந்த இரண்டு அணுக்களும் ஒன்றோடொன்று பிணையும். தெரிந்துவிட்டால் பிணைப்பு இல்லை.

ஆறு வருடமாக எங்கள் பிழைப்பு அதுதான். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, அடுப்பை மறந்தது யார் என்று கேட்டால் குடும்பம் பிரிந்துவிடும் என்று சிரிப்போம்.

அணு விடும் ஒளி எறும்பைக்கூடச் சுடாது. இழையைச் சரிபார்க்க நாங்கள் அனுப்பும் லேசர் அப்படியல்ல. அது கண்ணுக்கும் தெரியாது.

நேற்றுக் காலை நடு அறையில், இழைகளைப் பராமரிக்கும் ஊழியர் இழையின் நுனியில் தூசி இருக்கிறதா என்று பார்க்க உருப்பெருக்கியில் குனிந்தார். அதற்கு முன் ஸ்பீக்கரில் கேட்டார், ரெண்டு பக்கமும் லேசரை மூடியாச்சா என்று.

இரண்டு அறையிலிருந்தும் மூடியாச்சு என்றுதான் பதில் போனது.

இப்போது அந்த ஊழியரின் வலது கண்ணில் கட்டு. பிரித்தாலும் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

தாளின் கடைசி வரியை மறுபடி படித்தேன். ஊழியர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. எங்களுக்குத் தெரியாது என்றால் தப்பு அவருடையது. வேலையும் போகும்.

"உங்க வீட்டுக்காரரையாவது நினைச்சுப் பாருங்கம்மா," என்றார் தலைவர். குரலில் கனிவு இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நினைத்துப் பார்த்தேன். நேற்றிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அன்பு என்று நினைக்கிறார்.

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்து, தலைவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவர் மூடித்தான் வச்சிருந்தார் சார். பாக்காமலே மூடியாச்சுன்னு சொன்னது நான்."