எழுபத்திரண்டாம் நம்பர்

"லோரெய்னைக் குழுவில போட்டதே தப்பு. புருஷன் பேரு வந்தா என்ன பண்ணுவா? கண்ணை மூடிக்கிட்டுக் கையைத் தூக்குவா" என்று ஆர்ட்டி என் காதைக் கடித்தான்.

எழுபதுகள் முடிந்த கையோடு எங்கள் ஒஹாயோ ஊர்ப் பத்திரிகை இந்த வேலையை எங்கள் தலையில் கட்டியிருந்தது. பத்து வருஷத்தில் நம் அமெரிக்க ஃபுட்பால் டீமுக்குத் தாக்கி ஆடியவர்களில் தலைசிறந்த பதினோரு பேரைப் பொறுக்கித் தர வேண்டும். அவர்கள் பெயர் மைதானத்துச் சுவரில் ஏறும்.

குழுவில் ஐந்து பேர். மதுக்கடைக்காரன் கேசி, பாதிரியார் டாம், தபால்காரன் ஆர்ட்டி, ஊருக்கே முடிவெட்டுகிற நான், ரசிகர் மன்றத் தலைவி லோரெய்ன். சனிக்கிழமை மதியம் கேசியின் கடையிலேயே கூடினோம்.

பந்தை எறிகிறவன், தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், எட்டிப் பிடிக்கிறவன் என்று பத்து இடம் மளமளவென்று நிரம்பிவிட்டது. முன்வரிசையில் ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர். மிலோ, அல்லது லோரெய்னின் புருஷன் வெர்னன்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். முன்வரிசைக்காரனுக்குப் பந்தைத் தொடும் பாக்கியம் கிடையாது. எதிராளியை மோதித் தடுப்பதோடு சரி. அவன் நம்பர் ஒலிபெருக்கியில் கேட்டால், ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

"மிலோவா? அந்த எழுபத்திரண்டாம் நம்பரா?" கேசி மேஜையைத் தட்டினான். "எழுபத்தஞ்சுல அந்த மழை மேட்ச் மறந்துபோச்சா? கடைசி நிமிஷம். நம்மாளு பந்தோட கோட்டைத் தாண்டிட்டான். ஜெயிச்சாச்சுன்னு நான் கடை முழுக்க ஓசியில பீர் ஊத்திட்டேன். அப்புறம் பார்த்தா, தப்பாட்டம்னு நடுவர் மஞ்சக்கொடியை வீசி எறிஞ்சிருக்கார்! எழுபத்திரண்டு எதிராளி சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டானாம். பாயின்ட்டும் போச்சு, மேட்சும் போச்சு, என் பீரும் போச்சு!"

"சேத்துல கால் வழுக்கியிருக்கும்ப்பா. நாலு வருஷமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கியே" என்றார் பாதிரியார்.

"வழுக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை ஃபாதர். நடுவர் நம்பரைச் சொன்னதும் அவனே கையைத் தூக்கி ஒத்துக்கிட்டான். நான் டிவியில பார்த்தேன். நம்ம வெர்னனைப் பாருங்க. அந்த வருஷம் கொஞ்சம் தடுமாறினான், டீம்லயிருந்தே தூக்கிடுவாங்கன்னு பேச்சு. அதுக்கப்புறம் மலை மாதிரி நின்னானா இல்லையா?"

அதில் பொய் இல்லை. மிலோ இந்த ஊரில் நிம்மதியாக ஒரு பீர் குடித்து நான் பார்த்ததில்லை. எவனாவது ஒருத்தன் மஞ்சள் கைக்குட்டையை அவன் முன்னால் எறிவான். மிலோ அதை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பான்.

"சரி, வெர்னனுக்கு யாரு?" என்றார் பாதிரியார்.

கேசி கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

"மிலோவுக்கு?"

பாதிரியார் தூக்கினார். ஆர்ட்டி தூக்கினான். தட்டிலிருந்த சாஸேஜைக் கீழே வைத்து, விரலைத் துடைத்துக்கொண்டு, லோரெய்னும் தூக்கினாள்.

கேசிக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஏம்மா, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"இல்லையே."

"அப்ப அந்த மனுஷன் உனக்கு என்ன பாவம் பண்ணான்? சுவத்துல பேரு வர்றது சும்மாவா? கட்டினவளே கைவிட்டா அவன் எங்க போவான்?"

ஆர்ட்டிக்கே பொறுக்கவில்லை. "நீ புருஷனுக்குப் போடுவேன்னு நினைச்சேன், அது தப்புதான். ஆனா இது அதைவிட மோசம் லோரெய்ன்" என்றான். ஜெயித்தது அவன் கட்சி என்பதையே மறந்துவிட்டான்.

"மிலோ பேரைப் போட்டுக்குங்க. கேசி, இன்னும் கொஞ்சம் கடுகுச் சட்னி கொடு" என்றாள் லோரெய்ன்.

கல்நெஞ்சக்காரி என்று எனக்கும் கோபம் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவளைக் கூட்டிப்போக வெர்னன் வண்டியில் காத்திருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் திணித்து வைத்த மாதிரி. பார்க்கவே பாவமாக இருந்தது.

"மனசைத் தேத்திக்கோ வெர்னன். ஒரே ஓட்டுல போச்சு. யாரு ஓட்டுன்னு கேட்காதே" என்றேன்.

"மிலோவுக்குக் கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு!"

"கிடைச்சுது."

அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் குத்தினான். ஹாரன் அலறியது. முகமெல்லாம் சிரிப்பு.

"காலையில முட்டை பொரிச்சுப் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவளை அனுப்பினதே நான்தாம்ப்பா."

"நீயா? எதுக்கு?" என்றேன். அவன் வண்டிக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு மிலோ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். அதனாலதான் ஊருக்கே முடிவெட்டுற உன்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்குச் சட்டையைப் பிடிச்சு இழுத்தது நான். சேத்துல நடுவருக்கு நம்பர் சரியாத் தெரியலை, எழுபத்திரண்டுன்னுட்டார். என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மிலோவுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் கையைத் தூக்கிட்டான்."