சத்தமில்லாத கோபுரம்

பள்ளி உளவியலாளரின் மேசையில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. நேரம் தாண்டினால் மதிப்பெண் கிடையாது. ‘மந்தம்’ என்று டீச்சர் அனுப்பிவைத்த சிறுமி, படத்திலிருக்கும் கோபுரத்தை மரக்கட்டைகளால் அடுக்குகிறாள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் விரலைக் கொடுத்து இறக்கி, பிறகு விரலை உருவுகிறாள். ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசிகூட அவளைவிட வேகமாக இறங்குகிறது. “ஏன் கண்ணு, இவ்ளோ மெதுவா?” “சத்தம் கேட்டா அப்பா முழிச்சுக்குவாரு மிஸ். நைட் ஷிப்ட் பார்த்துட்டு இந்நேரம்தான் தூங்குவாரு. ஒரே ரூம்தான் எங்களுக்கு.” “அப்பாதான் இங்க இல்லையேம்மா?” சிறுமி தன் கையைப் பார்க்கிறாள். “அது கைக்குத் தெரியலையே மிஸ்.” உளவியலாளர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கோபுரம் சிறுமியின் கழுத்தளவு எழுந்துவிட்டது. ஒரு ‘டக்’ கூடக் கேட்கவில்லை. அவர் ஸ்டாப்வாட்சை நிறுத்தி மேசை இழுப்பறைக்குள் வைக்கிறார். இடுக்கில் தன் விரலைக் கொடுத்து, சத்தமில்லாமல் மூடுகிறார்.