சிவப்பு வட்டம்

மாலை வெயில் கடைக் கண்ணாடியைத் தாண்டி, மேசைமேல் இருக்கும் இரண்டு ஜாம் பாட்டில்களுக்குள் இறங்கி நிற்கிறது. ஒன்று நான் காய்ச்சியது, மற்றது என் ஓரகத்தி காய்ச்சியது. ஒரு பாட்டில் ஜாமுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று கடைக்காரர் இன்று வட்டச் சீட்டு ஒட்டியிருக்கிறார். அவளுடையதில் பச்சை வட்டம், இருநூறு கிராம். என்னுடையதில் சிவப்பு, அறுநூறு. "அவங்க பழைய பாட்டிலக் கழுவி ஊத்துறாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் புதுசுல்ல வாங்குறீங்க?" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது அவளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அவர் தராசுப் பக்கம் திரும்பியதும் நான் அலமாரிக்குப் போகிறேன். கீழ்த்தட்டில் அவள் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பச்சை வட்டத்தைச் சுவர் பார்க்க வைக்கிறேன். கண்ணாடி உரசும் சத்தம் ஊருக்கே கேட்பதுபோல் இருக்கிறது. நிமிர்கிறேன். மேல்தட்டில் என் பாட்டில்கள். ஒன்றில்கூடச் சிவப்பு தெரியவில்லை. எல்லாம் ஏற்கெனவே சுவரைப் பார்த்து நிற்கின்றன.

"காலையில உங்க ஓரகத்திதான் திருப்பி வெச்சாங்க," என்று பின்னாலிருந்து கடைக்காரரின் குரல் வருகிறது. "அக்கா பார்த்தா மனசு சங்கடப்படுவாங்கன்னு சொன்னாங்க."

அவளுடைய கடைசிப் பாட்டில் என் கையிலேயே இருக்கிறது. இதிலும் அவளே முந்திவிட்டாள்.