ஒன்பதாவது கோப்பை

ஒன்பது கோப்பைகளிலும் காபி ஊற்றியாகிவிட்டது. ஒருவரும் தொடவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஊரில் ஒன்றைக் கேட்டு வருகிறவர்கள் காபியைக் குடிக்க மாட்டார்கள். முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்காரர் "குடியுங்கள்" என்று சொன்னால், கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். ஒரு வீட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

பெண் கேட்கவும் சண்டையைத் தீர்க்கவும் எத்தனையோ வீடுகளில் அவரே இப்படி உட்கார்ந்திருக்கிறார். பாலஸ்தீனத்தின் அந்தச் சின்ன மலையூருக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் நகராட்சித் தலைவர். அந்த வேலையில் பாதி சாக்கடை, மீதி காபி என்று மனைவி கேலி செய்வாள். எந்த வீட்டிலும் அவருடைய கோப்பை ஆறிப்போனதில்லை.

இன்று அவர் வீட்டுக்காரர்.

இவர்கள் பெண் கேட்டு வரவில்லை. ஒரே மகள் மைசூன் கல்யாணமாகி ஜோர்டானில், அம்மான் நகரில் இருக்கிறாள்.

வந்திருந்த ஒன்பது பேரும் தகப்பன்மார்கள். நகராட்சிக் கிணற்றைச் சுற்றி வேலி போட வந்த ராணுவ வண்டியை மூன்று வாரத்துக்கு முன் பையன்கள் மறித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவன்தான் முன்னால் போய் உட்கார்ந்தான். ஒன்பது பேரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றிருந்தார். அபூ நிமர், வாங்க. அபூ ஹைதம், வாங்க. அங்கே மூத்த பிள்ளையின் பெயர்தான் தகப்பனுக்கும் பெயர். நிமரின் அப்பா. ஹைதமின் அப்பா. ஒன்பது பேரை அழைத்து முடிப்பதற்குள் சிறையிலிருக்கும் ஒன்பது பையன்களையும் அழைத்தாகிவிட்டது.

நேற்று ராணுவ அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பியிருந்தான். பதவி விலகல் கடிதம் கொடுத்தால் அன்றைக்கே ஒன்பது பேரும் வீடு திரும்பலாம். நாளை மதியம் வரை அவகாசம். உடல்நலக் காரணம் என்று எழுதினால் போதுமாம்.

பதினான்கு வருடத்தில் அவர் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

இருட்டுவதற்குள் விஷயம் ஊருக்கும் சிறைக்கும் எட்டிவிட்டது. கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி. அவர் எழுந்தால் அந்த நாற்காலியில் அதிகாரியின் ஆள் உட்காருவான். கிணறு வேலிக்குள் போய்விடும். ஊர் தண்ணீருக்குக் கையேந்தி நிற்கும். காலையிலிருந்து மூன்று முறை பேனாவைத் திறந்து, மூன்று முறையும் மூடிவிட்டார்.

அபூ நிமர் மருந்துக்கடைக்காரர். எல்லோருக்குமாகப் பேச வேண்டியவர் அவர்தான். தொண்டையைச் செருமினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மறுபடியும் செருமினார்.

பாவம், என்று இவருக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனிடம், நாற்காலியை விட்டு இறங்கு என்று எந்த வாயால் கேட்பார்? கேட்டுவிட்டு நாளைக்குத் தெருவில் எப்படி முகம் கொடுப்பார்?

கேட்க விடக்கூடாது.

"காபியைக் குடிங்க," என்றார். "என்னன்னு சொல்லவே வேணாம். குடுத்தாச்சு."

கேட்பதற்கு முன்பே கொடுப்பது அந்த ஊரில் பெரிய மரியாதை. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

அபூ நிமர் அவரையே பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். அறையில் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு மனசு லேசாக இருந்தது. கை சட்டைப்பைக்குப் போனது.

"அப்போ நீங்க விலக மாட்டீங்க, அபூ மைசூன்," என்றார் அபூ நிமர். கோப்பையைக் கீழே வைத்தார். "வார்த்தை குடுத்துட்டீங்க. பசங்க உள்ளேருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. எங்களைக் காட்டி அவர்கிட்ட கையெழுத்து வாங்க விட்டுடாதீங்கன்னு."

கை சட்டைப்பையிலேயே நின்றுவிட்டது.

இதைக் கேட்கத்தான் இத்தனை செருமலா? அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். இல்லையென்றால் அழுதிருப்பார். பெருமையாக இருந்தது. பெற்றவர்கள் முன்னால் பெருமைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். ஒவ்வொருவராக அவரைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள்.

அபூ ஹைதம் கடைசியாக வந்தார். லாரி ஓட்டுகிறவர். அவருடைய பையனுக்கு ஆஸ்துமா. மருந்தை உள்ளே கொடுக்க அனுமதி கேட்டு நகராட்சித் தாளில் இவரே இரண்டு கடிதம் எழுதிவிட்டார். இரண்டுக்கும் பதில் இல்லை.

அபூ ஹைதம் இவருடைய கையை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு படியிறங்கிப் போனார்.

மனைவி தட்டோடு வந்தாள். காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். எட்டு.

ஒன்பதாவது கோப்பை ஜன்னலோரம் இருந்தது. அபூ ஹைதம் உட்கார்ந்திருந்த இடம். ஊற்றிய காபி ஊற்றியபடியே இருந்தது.

"இவர் வாயே வைக்கலியே," என்று எடுக்கக் குனிந்தாள்.

"அது இருக்கட்டும்."

அவள் அவரைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் ஜன்னலோரம் போய்க் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்தார். கடிதத்தை எடுத்து மடிப்பைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

விரல் நுனியால் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

இன்னும் முழுசாக ஆறவில்லை.