ஏலக்காய் டப்பாவில் மாத்திரை

அன்னக்கொடி மாத்திரை அட்டையை ஏலக்காய் டப்பாவுக்குள் திணித்து மூடவும், மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"போன தடவ மாதிரி ஆக்கிராத தாயி. மூஞ்சியச் சுளிக்காம இரு," என்று காதோரம் கெஞ்சினார் கணவர் சுருளி.

போன தடவை நடந்தது இதுதான். அன்னக்கொடிக்கு இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. காவியால் அக்கி எழுதியதில்தான் கொப்புளம் வற்றியது என்று அவள் சொல்வாள், தானாக வற்றியது என்று டாக்டர் சொல்வார். வலி மட்டும் வாடகை வீட்டைக் காலி செய்யாத ஆள் மாதிரி அங்கேயே குடியிருந்தது. சேலை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல எரியும்.

அந்த நரம்பு வலிக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை, பெண் கேட்டு வந்தவர்கள் அலமாரியில் பார்த்துவிட்டு மருந்துக்கடையில் விசாரித்தார்கள். "வலிப்புக்கும் இதத்தான் குடுப்பாங்க," என்றார் கடைக்காரர். உண்மையைத்தான் சொன்னார், மனுசன். அத்தோடு மகள் முத்துப்பிரியாவின் சம்பந்தம் போயே போனது.

இந்தத் தடவை தேவாரம் ஊர் மாப்பிள்ளை அருண்பாண்டியை முத்துப்பிரியாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே அன்னக்கொடி அட்டையை அலமாரியில் விட்டுவைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பொன்னுமணி உள்ளே வந்ததும் சொன்ன முதல் பேச்சு, "அந்த ஃபேன நிப்பாட்டுங்க."

சித்திரை வெயில். அத்தனை பேரும் வியர்வையில் குளித்தார்கள். முந்தானை பறக்காமல் இருந்ததில் அன்னக்கொடிக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி.

"சாப்பிட்டுட்டுப் பேசலாங்க," என்றார் சுருளி.

"இருக்கட்டும். முடிவு சொல்லாம பொண்ணு வீட்ல கை நனைக்கிறது எங்க வழக்கமில்ல."

பொன்னுமணி நாற்காலியில் சாயவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முத்துப்பிரியா வந்து கும்பிட்டபோதும் தலையை மட்டும் ஆட்டினார். சரியான ராங்கிக்காரி என்று அன்னக்கொடி மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

"அடுப்படியப் பாக்கலாமா?" என்று எழுந்தார் பொன்னுமணி.

அன்னக்கொடி பின்னாலேயே ஓடினாள். ஒளிக்க வேறு இடமா கிடைக்கவில்லை அவளுக்கு? பொன்னுமணி பாதி வயசைப் போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கழித்தவர். ஏலக்காய்க்காரர்கள் டப்பாவைக் கண்டால் காயை மோந்து பார்க்காமல் நகர மாட்டார்கள். அவரும் திறந்தார். காயோடு அட்டையும் கையில் வந்தது.

"இது யாரு போடுறது?"

முத்துப்பிரியா கதவோரம் நின்று அம்மாவையே பார்த்தாள். அன்னக்கொடிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நாந்தாங்க. வலிப்பு கிலிப்பு ஒண்ணும் இல்ல. அக்கி வந்த எடத்துல ஆறின பெறகும் எரியுது, அதுக்குத்தான். எம்மகளுக்கு ஒரு நோயும் கெடையாது. என்னைய மனசுல வச்சு அவள வேணாம்னு சொல்லிராதீக."

பொன்னுமணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

மருந்துக்கடையில் காட்டத்தான் எடுக்கிறார். அன்னக்கொடி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல சோத்தப் போடுங்க சம்பந்தி, இந்த மாத்திரைய வெறும் வயித்துல போட்டா எனக்குத் தலை சுத்தும்."