வெறுங்கைக்கு வந்த பட்டாபி

அல்சூர் வீட்டு முற்றத்தில் காலை வெயில் சுள்ளென்று விழுகிறது. ஆமை வீட்டுக்குள் ஆகவே ஆகாது என்கிறாள் அலர்மேல்மங்கை. “அது என்னைத் தெரிஞ்சுண்டு எங்கிட்ட வந்தா உள்ளே, இல்லேன்னா ஏரிக்கு” என்று சவால் விட்டுவிட்டார் அவள் கணவர் ஆராவமுதன். ஒரு மூலையில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா வெள்ளரிப்பிஞ்சை ஆட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார். எதிர் மூலையில் ஆராவமுதன், வெறுங்கையோடு. நடுவில் ஆமை பட்டாபி, கல்லாக. “பட்டாபி, வாடா கண்ணா” என்கிறார் ஆராவமுதன். ஓட்டுக்குள்ளிருந்து கழுத்து நீள்கிறது. அவர் கண்ணுக்கு அது மைசூர் வரைக்கும் நீள்கிறது. வெள்ளரிப் பக்கம் திரும்பி நிற்கிறது. “அதுக்கு வயிறுதான் சார் எஜமான்” என்று சிரிக்கிறார் கிருஷ்ணப்பா. பட்டாபி அவருக்கு முதுகைக் காட்டுகிறது. தரையில் ஓடு டரக் டரக்கென்று உரச, பந்தயக் குதிரையின் கடைசிச் சுற்றுப் பாய்ச்சலாகப் புறப்படுகிறது. ஆறடி தூரத்தைக் கால் மணி நேரத்தில் தாண்டி, ஆராவமுதனின் கால் கட்டைவிரல்மேல் முகவாயைச் சாய்த்துக்கொள்கிறது. கிருஷ்ணப்பா வெள்ளரியைத் தானே கடிக்கிறார். ஆராவமுதன் திவான் மாதிரி நிமிர்ந்து மனைவியைப் பார்க்கிறார். அலர்மேல்மங்கை நிலைப்படியிலிருந்து மெல்ல ஒதுங்கி வழி விடுகிறாள். “சரி, வரட்டும். வலது காலை முன்னாடி வச்சு வரச் சொல்லுங்கோ.”